வெளியே தாழ்ப்பாள் இல்லாத கதவு

காப்பி நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, சீனி மட்டும் கொஞ்சம் தூக்கல். போலீஸ் ஸ்டேஷனில் காப்பி வாங்கிக் கொடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் தெருவில் பேசுவதைக் கேட்டால் நீங்கள் எல்லாரும் மனிதனைப் பச்சையாகத் தின்கிறவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். எங்கள் ஜனங்கள் அப்படி. தெரியாததைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். தெரிந்ததைக் கேளுங்கள், வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி நிற்பார்கள்.

ரைட்டர் முனியப்பன் எழுதிக்கொள்கிறார் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். பிரசங்கத் தமிழில் சொல்லிவிடுகிறேன், அவருக்கும் சுலபம். வருஷக்கணக்காக அதிலேயே பேசி எனக்கு வேறு தமிழ் வராமல் போய்விட்டது. என் சம்சாரம்கூடச் சொல்வாள், "வெஞ்சனத்துல உப்புப் பத்தலங்கிறதக்கூட கோவில்ல வாசிக்கிற மாதிரியே சொல்றீங்க" என்று. செபாஸ்தியம்மாள் என்று பெயர். இந்த ஐம்பத்தாறாம் வருஷம் பெரிய சனிக்கிழமை அன்று இறந்துபோனாள். அவளை நான்தான் கொன்றேன் என்று எதிர்த்தெரு ரம்ஜான் பீவி உங்களிடம் மனுக் கொடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் மறுக்க வரவில்லை. அவள் கோவையாகச் சொல்லத் தெரியாதவள். நான் சரியாகச் சொல்கிறேன்.

என் பெயர் இருதயநாதன். நத்தம் ரோட்டில் தோல்ஷாப்புகளைத் தாண்டினால் ஒரு சின்ன மாதா கோவில் வரும். அதற்கு நான் வேதியர். நீங்கள் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருக்கிறீர்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். சாமியார் டவுனில் பெரிய கோவிலில் இருப்பார். எங்கள் கோவிலுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, சாவு வீட்டில் நிற்பது, மணி அடிப்பது எல்லாம் வேதியர் பாடு. சாமியார் சின்ன வயசுக்காரர். மோட்டார் சைக்கிளில் வந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அவர் சிரித்துக் கெடுத்ததை மாதம் முழுவதும் நான் உட்கார்ந்து சரிசெய்வேன்.

நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். கீழ்ப்படிதல். எங்கள் வேதத்தில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ஆதாமும் ஏவாளும் பழம் தின்றதற்காகத் துரத்தப்பட்டார்கள் என்று குழந்தைகள் நினைக்கும். பழத்தில் என்ன இருக்கிறது. நம் சிறுமலையிலிருந்து வாழைப்பழம் வண்டி வண்டியாக இறங்குகிறது, கடவுள் யாரையாவது கோபித்தாரா. சொன்ன சொல்லைக் கேட்கவில்லை, அதுதான் பாவம். இதை எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பேன். ஜனங்கள் தலையைத் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு நேரே ஓடைக்கரைக்குப் போவார்கள். மதுவிலக்கு இருக்கிற நாட்டில் ஓடைக்கரையில் என்ன கிடைக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் இலாகா.

அந்தக் கூட்டத்தில் என் சொல்லைச் சொல்லாக மதித்தவள் ஒருத்திதான். சேவுகம்பட்டிப் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில் கொஞ்சம் வாய் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. நான் கை ஓங்கியதில்லை ஐயா, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பெண்டாட்டியை அடிக்கிறவன் தன் சொல்லில் வலு இல்லாதவன். எங்கள் தெருவில் அந்த மாதிரி வீரர்கள் நிறைய. என் வீட்டில் நான் குரலைக்கூட உயர்த்தியதில்லை. வேண்டாம் என்பேன், வேண்டாம்தான். தங்கச்சி கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்றேன். கட்டி வைத்திருந்த துணிமூட்டையை அவிழ்த்து, மடித்து, பெட்டியில் வைத்தாள். பூ வைக்க வேண்டாம் என்றேன். மல்லிகை கூடை கூடையாக வந்து இறங்குகிற இந்தத் திண்டுக்கல்லில் பதினைந்து வருஷம் அவள் தலையில் ஒரு முழம் பூ ஏறவில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அதனால் என் கவனம் முழுவதும் அவள்மேலேயே இருந்தது.

போன வருஷக் கடைசியில் அவளுக்குச் சோகை பிடித்தது. முகம் வெளுத்துப் போய், நாலு குடம் தண்ணீர் எடுத்தால் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை, ஈரல், சுவரொட்டி வாங்கிச் சாப்பிடு என்றார்களாம். சுவரொட்டி ஆட்டு மண்ணீரல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ரத்தம் ஊறும் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. அதற்குள் எங்களுக்குத் தபசுகாலம் வந்துவிட்டது, ஆண்டவர் உயிர்த்த திருநாளுக்கு முந்திய நாற்பது நாள். அதில் வெள்ளிக்கிழமை மாமிசம் ஆகாது. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் விலக்கு என்று வாயைத் திறந்தால் தெருவே நோயாளியாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன். ரம்ஜான் பீவி வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் புருஷன் தோல்ஷாப்பில் மேஸ்திரி, யார் வம்புக்கும் போகாத மனிதர். அந்த வீட்டில் இப்படிச் சிரிப்பது யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. நின்று கேட்டேன். என் சம்சாரத்தின் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. பதினைந்து வருஷத்தில் அந்தச் சத்தத்தை என் வீட்டில் நான் கேட்டதில்லை.

வாசலில் போய் நின்றேன். அவள் கையில் கிண்ணம், கிண்ணத்தில் மிளகு போட்டு வறுத்த சுவரொட்டி. வாயோரத்தில் எண்ணெய் மினுங்கியது. ரம்ஜான் பீவி எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"வாங்கண்ணே. நாந்தான் வம்படியாத் திங்க வச்சேன். புள்ள நிக்கத் தெம்பில்லாம தள்ளாடுதுண்ணே."

"கிளம்பு" என்றேன் என் சம்சாரத்திடம். கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் பின்னால் வந்தாள்.

பாருங்கள், அப்போதும் கீழ்ப்படிந்தாள். அதுதான் என்னைத் தின்றது. இத்தனை வருஷம் எனக்குக் கீழ்ப்படிந்து நடந்தவள் உள்ளுக்குள் இன்னொருத்தியை வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னிடம் காட்டாத ஒருத்தி. எதிர்த்தெருவில் உட்கார்ந்து எண்ணெய் வாயோடு சிரிக்கிறவள். சுவரொட்டி தின்றதுதான் காரணம் என்று ரைட்டர் எழுதினால் எழுதட்டும். ஆதாமுக்கும் பழத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் வைத்துக் கேட்டேன். "டாக்டரு சொன்னதுதாங்க. ஒங்ககிட்டக் கேட்டா வேணாம்பீங்க, அதான் கேக்கல" என்றாள். வேண்டாம் என்பேன் என்று தெரிந்தே போயிருக்கிறாள், கவனியுங்கள். அடுத்த ஞாயிறு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னாளாம். அந்தச் சாமியார், "அது பாவமே இல்லம்மா, இன்னும் ரெண்டு கிண்ணம் சாப்பிடுங்க" என்றாராம். அதை என்னிடமே வந்து சொன்னாள். முகத்தில் ஒரு நிம்மதி. சாமியார் மன்னித்துவிட்டார், இனி இவர் யார் என்கிற மாதிரி.

"நீ தபசு செய்ய வேண்டும்" என்றேன். சரி என்றாள்.

இங்கே மணியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் திருநாளுக்கு முந்திய பெரிய வியாழன் பூசையில் கோவில் மணியை அடித்து நிறுத்தினால், அப்புறம் ஆண்டவர் உயிர்த்த பூசையில்தான் மறுபடி அடிப்போம். நடுவில் மணி ஊமை. செபத்துக்கு ஆள் கூப்பிட மரச்சட்டத்தைத் தட்டுவோம். உயிர்த்த பூசையை எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சனிக்கிழமை காலையிலேயே வைத்துவிடுவது வழக்கம். டவுனில் பூசை நடக்கிற நேரத்துக்கு எங்கள் கோவிலில் நான் மணி அடிப்பேன். அத்தோடு ஒருசந்தி, அதாவது எங்கள் உபவாசம், முடிந்தது. ஜனங்கள் விழுந்தடித்துக் கஞ்சி குடிக்க ஓடுவார்கள். சனிக்கிழமை காலை மணி என்றால் எங்கள் தெருக் கோழிகளுக்குக்கூடத் தெரியும், மத்தியானம் அதில் பாதி குழம்பில் கிடக்கும்.

இந்த வருஷம் அது மாறியது. உயிர்த்த பூசையைச் சனிக்கிழமை நடு இரவில்தான் வைக்க வேண்டும் என்று ரோமாபுரியில் இருக்கிற எங்கள் பெரிய குரு பாப்பானவர் கட்டளை. சாமியார் வேதியர்கள் எல்லாரையும் டவுனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். நோயாளிகளுக்கு ஒருசந்தி கிடையாது, தண்ணீர் குடித்தால் யாருக்கும் ஒருசந்தி முறியாது, முதலில் இதைச் சொல்லுங்கள், நம் பெண்கள் தண்ணீர்கூடப் படாமல் கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வியாழக்கிழமைப் பூசை காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாறியதை மட்டும் அதற்கு முந்திய குருத்து ஞாயிறு அன்று சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் பூசைக்கு ஆள் வராது, சாமியார் கேள்வி கேட்பார். சனிக்கிழமை மணி மாறியதைச் சொல்லவில்லை. தண்ணீர் விஷயத்தையும் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லலாம்தான். மறக்கவில்லை.

எங்கள் கோவிலை ஒட்டி ஓர் அறை உண்டு, பூசை உடுப்புகள் வைப்பது. தகரக் கூரை, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், உள்ளே ஒரு மரச் சிலுவை. பெரிய வியாழன் சாயங்காலம் மணியைக் கடைசியாக அடித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக் கட்டினேன். அவளை அந்த அறைக்குள் போகச் சொன்னேன். "மறுபடி மணிச் சத்தம் கேட்கிறவரை வெளியே வரக் கூடாது. அன்னம், தண்ணீர் படக் கூடாது" என்றேன்.

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "ரெண்டு ராத்திரி, ஒரு பகலு. இருந்துருவேங்க. சனிக்கெழம மணி அடிச்சதும் மொதல்ல ஒரு செம்பு தண்ணி குடிச்சுக்கிருவேன். அப்புறம் ஒங்களுக்குக் கஞ்சி காச்சிருவேன்" என்றாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூடச் சொன்னாள். இத்தோடு எனக்குக் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருப்பாள்.

நான் அவள் கணக்கைத் திருத்தவில்லை.

அந்தக் கதவைப் பற்றி ரம்ஜான் பீவி என்னவோ எழுதிக் கொடுத்திருக்கிறாளாம், நான் பூட்டி வைத்தேன் என்று. நீங்களே போய்ப் பாருங்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். வெளியே தாழ்ப்பாளும் இல்லை, கொண்டியும் இல்லை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஒரு பூட்டுக்கூட நான் வாங்கவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டது அவள் கை. நினைத்தால் எடுத்துவிட்டு வரலாம். கயிறு போட்டுக் கட்டினால் கன்றுக்குட்டிகூடக் கட்டிய இடத்தில் நிற்கும். அதைக் கீழ்ப்படிதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் பிரமாதமில்லை. அவள் செபமாலை சொல்கிற சத்தம் வெளியே கேட்டது. தெருப் பெண்கள் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேதியர் சம்சாரம் எம்புட்டுத் தபசு இருக்கா பாரு என்று பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியாவது அவள் பக்கத்தில் போய் முழங்காலில் நின்றாளா என்றால் இல்லை. அடுத்தவள் தபசை மெச்சுவதே இவர்களுக்குப் பெரிய தபசு.

சனிக்கிழமை காலையில் கோவில் வாசலில் கூட்டம். மணிக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் சொன்னேன், பாப்பானவர் கட்டளை, மணி நடு இரவில்தான் என்று. முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. "ஏன் வேதியரே, இத முன்னாடியே சொல்லப்பிடாதா" என்று ஒருவன் கேட்டான். "கட்டளை என்றால் கேள்வி கேட்கக் கூடாது" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். கலைந்த வேகத்தில் டீக்கடையில் கூடிவிட்டார்கள், அதையும் பார்த்தேன். நடு இரவு வரை ஒருசந்தி இருந்தவர்கள் அந்தத் தெருவில் எத்தனை பேர் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் வாசலில் பேசியது அறைக்குள் எட்டியிருக்காது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கேட்டாள், "ஏங்க, மணி அடிக்கலையா?"

"அடிக்கும்" என்றேன்.

வெயில் ஏறிற்று. மறுபடி கேட்டாள். அதே பதில்தான் சொன்னேன். மூன்றாம் தரம் அவள் கேட்டது வேறு மாதிரி இருந்தது. "ஏங்க, மணி அடிச்சு எனக்குத்தான் காதுல விழுகலையா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. உண்மையாகக் கீழ்ப்படிகிறவள் கேட்கவே கூடாது. கேட்பதே பாதிக் கீழ்ப்படியாமை. இதைத்தான் நான் அவளுக்குக் கற்பிக்க நினைத்தேன், அதற்கு நேரம் வேண்டியிருந்தது.

பங்குனி வெயில் உங்களுக்குத் தெரியும். தகரம் சுட்டுப் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. நான் கதவோரம் நிழலில் உட்கார்ந்திருந்தேன், அவளுக்குத் துணையாக. ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. ரம்ஜான் பீவி உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டாள். உச்சி வேளையில் அவள் ஒரு செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர்.

"அண்ணே, இத மட்டும் குடுத்துட்டுப் போயிர்றேன். அவ ஒடம்பு தாங்காதுண்ணே."

"அடுத்த மாதம் உங்களுக்கு நோன்பு வருகிறது. நான் வந்து குறுக்கே நிற்கிறேனா?" என்று கேட்டேன்.

"நோன்புன்னாலும் பொழுது சாஞ்சா நாங்க தண்ணி குடிப்போம்ணே. நோயாளிக்கு நோன்பே கெடையாது. ஒங்க நோன்புக்குப் பொழுதே சாயாதா?"

படிப்பு வாசனை இல்லாத பெண், என்னிடம் வேத விசாரம் பேசுகிறாள். போகச் சொன்னேன். என்னைத் தாண்டிக் கதவைத் தட்டி, "செபாஸ்தி, ஏய் செபாஸ்தி, எந்திரிச்சு வாடி" என்று கத்தினாள். உள்ளேயிருந்து என் சம்சாரம் சொன்னாள், "மணி அடிக்கட்டும் அக்கா. வந்துர்றேன்." குரல் மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று தெருவையே கூப்பிடலாம் போல் இருந்தது. ரம்ஜான் பீவி அழுதுகொண்டே போனாள். இவளைப் போன்றவர்களுக்கு அழுகை சுலபம்.

அப்புறம் நடந்ததைத் தெரு எப்படிச் சொல்கிறது என்று முதலில் சொல்கிறேன். நடு இரவில் டவுன் மணி கேட்டதும் நான் எங்கள் மணியை அடித்தேன். ஜனங்கள் மெழுகுவத்தியோடு அல்லேலூயா பாடினார்கள். பாட்டு முடிந்ததும் நான் போய் அறையைத் திறந்தேன். செபாஸ்தியம்மாள் சிலுவைக்கு முன்னால் முழங்காலில் இருந்தபடியே, சுவரில் சாய்ந்து, விரலில் செபமாலையோடு இறந்திருந்தாள். மணிச் சத்தம் கேட்ட அந்த நிமிஷமே அவள் ஆத்துமா மேலே போயிற்று என்று தெரு முடிவு கட்டிவிட்டது. சோகைக்காரி என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகுதான் கூத்து. கல்லறையில் ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றினாள், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதாம். பார்த்துக்கொண்டிருக்கிறபோதே மாலை, ஊதுவத்தி, நேர்ச்சைத் தொட்டில். நத்தத்திலிருந்தும் சின்னாளப்பட்டியிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கீழ்ப்படிதலின் மாதிரி என்று அவளுக்குப் பெயர். உயிரோடு இருந்தபோது அவள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாதவர்கள், வேதியர் சம்சாரம் என்றே கூப்பிட்டவர்கள், இப்போது செபாஸ்தியம்மா தாயே என்று மண்ணை எடுத்து நெற்றியில் பூசுகிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கீழ்ப்படிதலை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் கல்லறைத் திருநாள். சாமியார் கல்லறையில் வைத்து அவளைப் பற்றிப் பேசினார். நோயாளிக்கு விலக்கு உண்டென்று அவளுக்கு யாராவது சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி மூச்சு வரை கீழ்ப்படிந்தவள் என்று முடித்தார். கூட்டம் விம்மியது. ரம்ஜான் பீவி சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள். மெழுகுவத்தியும் இல்லை, பூவும் இல்லை, ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணே, கடைசியில புள்ள தண்ணி கேட்டுச்சா?"

இல்லை என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பார்த்துவிட்டு நேரே உங்களிடம் மனுக் கொடுக்க வந்திருக்கிறாள். நான் எதற்கு வந்தேன் என்றால், அந்தச் சாமியாரின் வாக்கியத்துக்காக வந்தேன். கடைசி மூச்சு வரை கீழ்ப்படிந்தாளாம். அது பொய். பொய்யை வைத்து மெழுகுவத்தி ஏற்றுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுதுங்கள் முனியப்பன்.

அவள் தண்ணீர் கேட்டாள். பொழுது சாய்கிற நேரத்தில் கேட்க ஆரம்பித்தாள். முதலில் என்னிடம் கேட்டாள். அப்புறம் மாதாவிடம். அப்புறம் "அக்கா, அக்கா" என்று அந்த ரம்ஜான் பீவியைக் கூப்பிட்டாள். தெருவில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தரையில் துணி உரசுகிற சத்தம் கேட்டது, நகர்ந்து வந்தாள் போல. பிறகு தாழ்ப்பாள் நீங்குகிற சத்தம். ஆமாம், அவளே எடுத்தாள். மணி அடிப்பதற்கு முன்னால், என் சொல்லை மீறி, அவளே தாழ்ப்பாளை எடுத்தாள். இதுதான் ஜனங்கள் கும்பிடுகிற கீழ்ப்படிதல்.

அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. நான் அதில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். முதுகில் ஒரு தள்ளல் பட்டது. ரொம்ப லேசான தள்ளல், தூங்குகிற குழந்தை காலால் உதைப்பது மாதிரி. அப்புறம் இன்னொன்று. "ஏங்க, கதவு வர மாட்டேங்குதுங்க" என்றாள். பக்கத்தில், என் காதுக்கு ஒரு சாண் தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம்.

நான் நகரவில்லை. கோபத்தில் இல்லை ஐயா, அதைச் சரியாக எழுதுங்கள். எனக்கு அப்போது கோபமே இல்லை. இத்தனை வருஷக் கீழ்ப்படிதலை அவள் கடைசி அரை நாளில் பாழாக்கப் பார்த்தாள். அவள் பாழாக்காமல் நான் என் முதுகைக் கொடுத்துக் காப்பாற்றினேன். ஆபிரகாம் மகன்மேல் கத்தியை ஓங்கியபோது தேவதூதன் வந்து தடுத்தார். என்னைத் தடுக்க யாரும் வரவில்லை. வந்தவள் ஒருத்திதான், எலுமிச்சந்தண்ணீரோடு. அவளைத் தேவதூதர் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மூன்றாவது தள்ளல் வரவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு கேட்டது. அப்புறம் தகரம் ஆறுகிற சத்தம் மட்டும்தான்.

நடு இரவில் மணியை நேரத்துக்கு அடித்தேன், ஒரு நிமிஷம் முந்தவில்லை, பிந்தவில்லை. கதவைத் திறந்ததும் அவள் என் காலடியில் சரிந்தாள். விரல் நகமெல்லாம் கதவு மரத்தின் சிராய். ஜனங்கள் வருவதற்குள் தூக்கிக்கொண்டுபோய்ச் சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நிறுத்திச் சுவரில் சாய்த்தேன். எடையே இல்லை. செபமாலையை விரலில் கோர்த்தேன். அவர்கள் கும்பிடுகிற காட்சி என் கை செய்தது. அவளாகச் செய்தது அந்த இரண்டு தள்ளல்தான்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர், முனியப்பன்? சொல்கிற வேகம் அதிகமா?

கேளுங்கள் ஐயா, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் அந்த நாள் முழுவதும் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தேன் என்கிறீர்களா. பக்கத்தில் ஒரு பானையில் தண்ணீர் வைத்திருந்தேன். அவ்வப்போது ஒரு செம்பு மொண்டு குடித்துக்கொண்டேன். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும்தான். ஆனால் வேதியர் மயங்கி விழுந்தால் நடு இரவில் மணி அடிக்க ஆள் யார்? தண்ணீர் குடித்தால் ஒருசந்தி முறியாது என்று சாமியாரே சொல்லியிருக்கிறார். நான் சாமியார் சொல்லைத் தட்டுகிறவன் இல்லை.

அவ்வளவுதான். வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் அந்த மூலையில் இருக்கிற பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சீனிக் காப்பி குடித்ததிலிருந்து நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இப்போதே கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா. தாகத்தை வைத்துக்கொண்டு மனிதன் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்க முடியும்?